ஆறு டீ தூரம்

என் அப்பா சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுக் கார் டிரைவர். தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லி அவர் வாயில் கேட்டதில்லை. வழியில் எத்தனை டீக்கு வண்டியை நிறுத்துவார் என்பதுதான் அவர் கணக்கு. எங்கள் ஊர் ஆமத்தூரிலிருந்து மதுரைக்கு ஒரு டீ. சென்னைக்கு ஆறு டீ.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்காகப் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். டிரைவர் இல்லாமல் தானே ஓடும் கார் வந்தால் பக்கத்து ஊருக்குப் போவீர்களா? சென்னை வரைக்கும்? பலரும் பக்கத்துக்குச் சரி என்றார்கள், தூரத்துக்குத் தலையாட்டவில்லை.

முதலாளியின் மகனுக்கு என் வயதுதான். அவனும் அப்படித்தான் சொன்னான்.

"சாத்தூருக்குன்னா மெஷினே ஓட்டட்டும். சென்னைக்கு ஒங்க அப்பாதான் வேணும். நாலாவது டீ குடிச்சிட்டா அண்ணாச்சி பேச்சை நிறுத்த மாட்டாக. ஒன்னய ஸ்கூல்ல சேக்கப் போனப்ப, இங்கிலீஷ் ஃபாரத்தைப் பாத்துப் பயந்து வாசல்லயே நின்னாகளாமே. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

எனக்கு அது தெரியாது. வீட்டில் அப்பா என்னிடம் பேசுவது "சாப்பிட்டியா", "ஃபேனை அமத்து", அவ்வளவுதான். என் கதையை இவன் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு கேட்டிருக்கிறான். வயிறு எரிந்தது. தெருமுனைக்கு வந்ததும் அவன் படிவத்தில் 'நெடுந்தூரம்' என்ற கட்டத்தில் 'டிரைவர் தேவையில்லை' என்று டிக் அடித்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "அவன்கிட்டச் சொன்னதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

அப்பா சட்டையைக் கொடியில் போட்டபடி யோசித்தார். "ஏலே, ஒங்கூட நான் எங்கன போனேன்? பைக்ல ஏறுனா பஸ் ஸ்டாப்புல எறங்கிருவ. டீக்கடை வர்றதுக்குள்ள நீ போயிருதியே."

அது உண்மைதான். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரு டீ தூரம்கூடச் சேர்ந்து போனதில்லை.

மறுநாள் அந்தப் பொய் டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அவன் சொன்னபடியே திருத்தினேன். பொறாமை மட்டும் போகவில்லை. மிச்சமிருந்த ஒரு படிவத்தில் என் பதிலை நிரப்பினேன். பக்கத்து ஊருக்கு அப்பாவே ஓட்டட்டும். சென்னைக்குத் தானே ஓடும் கார்தான் வேண்டும். கண்ணைச் சாலையில் வைக்காமல் அவர் என் பக்கம் திரும்பி உட்காரலாம். 'பிற கருத்துகள்' என்ற இடத்தில், பின்சீட்டில் யாரும் ஏறக்கூடாது என்று எழுதினேன்.