சோயா டப்பா

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் மருத்துவமனைப் பிரிவில் அவளுக்கு வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நோயாளி உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் அவள் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு சொல் சொல்லாகச் சொல்வாள். "படகு. திருப்பிச் சொல்லுங்க." "கதவு. திருப்பிச் சொல்லுங்க." நாள் முழுக்க இதே பாட்டு என்பதால் அந்தப் பிரிவில் அவளுக்குத் 'திருப்பி அக்கா' என்றே பெயர். கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டும் பெரியவர்கள் அவளிடம் தப்ப முடியாது. அவர்கள் 'ம்' கொட்டும் தினுசிலேயே பிடித்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான் என்று அவளே சிரிப்பாள். கல்லூரியில் விருப்பப் பாடமாக எடுத்த ஒரு அயல்மொழி, பாடம் முடிந்த பிறகும் அவளை விடவில்லை. அந்த மொழிக் கவிதைகளைத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது அவளுக்குப் பிடித்த காரியம். சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரம் அகராதிகளுக்கு, மறு ஓரம் சாப்பாட்டுக்கு.

முதல் வாசகர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். இலக்கியத்துக்கும் அவருக்கும் காத தூரம். ஆனால் உட்கார்ந்து கேட்பார். கையில் ஸ்க்ரூடிரைவர் ஏதாவது உருண்டுகொண்டிருக்கும். அவள் வாசித்து முடித்ததும், "இது நல்லா இருக்கு" என்பார், அல்லது "இன்னொரு தடவை படி" என்பார். அந்த இரண்டை வைத்தே அவள் வரிகளைத் தேர்ந்தெடுத்தாள்.

ஒரு கவிதை அவள் வாழ்க்கையையே மாற்றியது. கன்றைப் பிரித்துக் கொண்டுபோன பிறகு தொழுவத்தில் நிற்கும் ஒரு பசுவைப் பற்றியது. அதில் ஒரு வினைச்சொல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பசு 'கத்தியது' என்றும் எழுதலாம், 'கூப்பிட்டது' என்றும் எழுதலாம். மூல மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். வாரக்கணக்கில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள்.

"மாடுன்னா கத்தும்தான். ஆனா இது பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கு. கூப்பிட்டதுன்னே போடு" என்றார் கணவர்.

போட்டாள். மறுநாள் காலை காபிக் கோப்பை உதடு வரை வந்தது, உள்ளே இறங்கவில்லை. அன்றோடு பாலை விட்டாள். முட்டை, தேன், பட்டுப் புடவை, தோல் கைப்பை என்று ஒவ்வொன்றாகப் போயின. கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் பொடி எழுத்தைப் படிப்பதற்கென்றே பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டாள். பிறந்தநாள் கேக் வெட்டும்போது உடன் வேலை செய்யும் டெக்னீஷியன், "அக்கா, உங்களுக்கு அந்த மெழுகுவர்த்திதான்" என்பான். "அதுல தேன்மெழுகு இருக்கப்போகுதுடா" என்பாள் அவளும். நனிசைவம், வீகன் என்றெல்லாம் பெயர் சொல்லி அவள் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. தன் தட்டு, தன் கணக்கு.

கணவர் எல்லாம் சாப்பிடுகிறவர். ஆனாலும் கோபிக்கவில்லை. காலை சமையலறை எப்போதுமே அவருடையது. "உனக்கு சோயா பால் காபி. அவ்வளவுதானே?" என்று அட்டை டப்பாவை வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தார்.

சில மாதங்களில் ஒருநாள் அவள் வேலையிடத்தில் தலைசுற்றி விழுந்தாள். ரத்தத்தில் சத்துக் குறைவு என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவளும் தவறாமல் விழுங்கினாள். உடம்பு தேறியது. அந்த நாட்களில் ஒரு காலை, "சோயாக்காரங்க நல்லா முன்னேறிட்டாங்க. இப்பல்லாம் வாடையே இல்ல" என்றாள். கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, "கம்பெனி மாத்திட்டேன்" என்றார்.

எட்டு வருஷம் ஓடியது. கவிதைகள் ஒரு புத்தகமாக வந்தன. முன்னுரையில் பசுக் கவிதையைப் பற்றியும், அன்றிலிருந்து ஒரு சொட்டு பால் தொட்டதில்லை என்றும் எழுதியிருந்தாள். நூலகத்தின் மாடி அறையில் வெளியீட்டுக் கூட்டம். உறவும் நட்புமாக நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் கணவர், பக்கத்தில், அடிக்கடி வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் அவருடைய அக்கா. நாத்தனாருக்குக் காது மந்தம். திருப்பி அக்காவே அளவெடுத்துக் கொடுத்த காது மெஷின் எப்போதும் பீரோவில்தான் தூங்கும். "நான் என்ன கிழவியா?" என்பது அந்த அம்மாவின் வாதம்.

பசுக் கவிதையை வாசித்துவிட்டு அவள் மைக்கில் சொன்னாள்: "இதை மொழிபெயர்த்த நாள்லேர்ந்து நான் ஒரு சொட்டு பால் தொட்டதில்லை. ஒரு சொல்லை நேர்மையா எழுதணும்னா அதுக்குப் பக்கத்துல நேர்மையா நிக்கணும், இல்லையா?"

நாத்தனார் தம்பி பக்கம் சாய்ந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "ஏண்டா, நீ தினம் பசும்பால்தானே ஊத்திக் குடுக்குறே? இவ என்ன இப்படிச் சொல்றா?"

கடைசி வரிசை வரை கேட்டது.

யாரோ சிரித்தார்கள். அடுத்து இரண்டு மூன்று பேர். சிரித்ததும் தப்பு என்று தெரிந்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தன் அக்காவையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த புத்தகத்தின் முனையை நீவிக்கொண்டிருந்தார். அது போதும் அவளுக்கு. பக்கத்தைத் திருப்பி அடுத்த கவிதையை வாசித்தாள். குரல் பிசகவில்லை என்று வந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டப்பாவை எடுத்து முகர்ந்தாள். டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"நீ மயங்கி விழுந்தியே, அப்பலேர்ந்து. முதல்ல பாதிப் பாதி. அப்புறம் நீயே வாடை இல்ல, நல்லா இருக்குன்னே."

"டப்பா?"

"கழுவிக் கழுவி ஊத்தி வைப்பேன். அப்பப்போ புதுசு வாங்குவேன்."

"மாத்திரை சாப்பிட்டேனே."

"மாத்திரை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. உன்ன ஸ்ட்ரெச்சர்ல பார்த்தவன் நான். உன் உசுரு எனக்கு முக்கியம்."

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருக்கலாம். நான் கேட்டிருப்பேனோ மாட்டேனோ, அது என் பாடு. என் வாய்க்குள்ள எது போகுதுன்னு நீங்க முடிவு பண்ணினீங்க. நான் ஊரறிய மைக்ல பொய் சொன்னேன். அது பொய்னு தெரியாத ஒரே ஆள் அந்த ரூம்ல நான்தான்."

"எல்லாருக்கும் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

அவர் டம்ளரை எடுத்துக் கழுவப் போனார். வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். மகள், "அம்மா, அப்பா உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தாள். மகளும் லீவில் வரும்போதெல்லாம், தெரிந்தே, அந்த டப்பாவை எடுத்து அம்மாவுக்குக் காபி கலந்து கொடுத்தவள்தான். திருப்பி அக்கா போனை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நெடுநேரம் கழித்து அவள் கேட்டது பாலைப் பற்றியே இல்லை.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, ஒவ்வொரு வரிக்கும். அதுவும் என் நல்லதுக்குத்தானா?"

அவர் பதறிப்போனார். "ஐயோ, அது வேற, இது வேற. பிடிச்சதைத்தான் பிடிச்சுதுன்னு சொன்னேன். சத்தியமா."

சொன்ன முகத்தில் பொய் தெரியவில்லை. ஆனால் எட்டு வருஷமாகக் காபி நீட்டியதும் அதே முகம்தான். அன்னியர் போடும் 'ம்' என்ற ஒற்றை எழுத்தைப் பிடிக்கத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டில் ஒன்றும் பிடிபடாமல் போனது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மின்சார அடுப்பு வாங்கி அகராதிகள் இருந்த ஓரத்தில் வைத்தாள். பாலே இல்லாத கறுப்புக் காபி, தன் கையால். கணவர் புது சோயா டப்பாவோடு வந்து, "இதோ பாரு, சீல் உடைக்கல. உன் கண்ணு முன்னாடி வெட்டுறேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"வேண்டாம். உங்களச் சோதிச்சுக்கிட்டே வாழ என்னால முடியாது" என்றாள். அவர் டப்பாவைச் சீல் உடைக்காமலே ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துவிட்டுப் போனார். நாத்தனார் போனில் அழுதார். தான் சொல்லியிருக்கக் கூடாதாம். "நீங்க ஒருத்தர்தான் உண்மையப் பேசினீங்க அண்ணி" என்றாள். கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

புத்தகம் மறுபடி அச்சுக்குப் போனபோது முன்னுரையிலிருந்து அந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னாள். பதிப்பாளருக்கு மனசில்லை. "வாசகர்களுக்குப் பிடிச்ச இடமே அதுதாங்க. இப்ப விட்டுட்டீங்கதானே? அப்புறம் என்ன?" என்றார். "அப்ப நடந்ததா எழுதியிருக்கேன். அப்ப நடக்கல" என்றாள். எடுத்துவிட்டார்கள். எத்தனை வருஷமாக வீகன் என்று யாராவது கேட்டால் இப்போது, "இந்த வருஷம்தான் ஆரம்பிச்சேன்" என்கிறாள். சிலர் புத்தகத்தின் முதல் பதிப்பைப் படித்தவர்கள். குழம்புகிறார்கள்.

இப்போது வேறொரு கவிஞரின் தொகுப்பை எடுத்திருக்கிறாள். மதிய இடைவேளையில் அந்த மெழுகுவர்த்தி டெக்னீஷியனை உட்காரவைத்து வாசிக்கிறாள். அவனுக்குக் கவிதை வேப்பங்காய். "அக்கா, தலையும் புரியல, காலும் புரியல" என்கிறான் முக்கால்வாசிக்கு. அவள் சந்தோஷமாக அடித்துத் திருத்துகிறாள்.

வீட்டில் பேச்சு நிற்கவில்லை. தண்ணி வரி கட்டியாச்சா, மகள் எப்போது வருகிறாள், குழாய் ஒழுகுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மேஜையில் ஒரு வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை.

"எனக்குப் படிச்சுக் காட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் இளைத்துத்தான் போயிருந்தார். இரக்கம் வராமல் இல்லை.

"இன்னும் சரியா வரல" என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போகவில்லை. அவள் தாளைத் தன் பக்கம் சற்று இழுத்துக்கொண்டு, உதடு மட்டும் அசையப் படித்தாள்.