டியூப் கட்டிய ஸ்டீயரிங்

அன்று எங்கள் ஊர் காஜா பெராங்கில், லாரிப் பட்டறையில் நாலு பேர் இருந்தோம்: நான், என் அக்கா, லாரி ஓட்டும் அத்தான், நாங்கள் நானா என்று கூப்பிடும் டயர் கடைக்காரர். நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த புதிது. மறுநாள் எனக்கு லைசென்ஸ் சோதனை. தேறினால்தான் டிரைவர் வேலை. ஆறாவதோடு பள்ளியை விட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

ஒருமுறை அத்தானின் லாரியை ஓட்டிப் பழகும்போது வண்டி குழியில் இறங்கி, ஸ்டீயரிங் என் கையை உதறிவிட்டது. அதிலிருந்து எனக்குப் பயம். அதைப் போக்க அத்தான் பழைய ஸ்டீயரிங் ஒன்றைப் பலகையில் மாட்டி, இரு பக்கமும் சைக்கிள் டியூப் கட்டினார். நான் திருப்பத் திருப்ப அவரும் நானாவும் டியூபை இழுத்தார்கள்.

"குழிடா, புடி!"

"நெஜ வண்டி இப்படியா இழுக்கும், அத்தான்?"

"இதைவிட மோசம்!"

"கல்யாணம்தான் இப்படி இழுக்கும்," என்றாள் அக்கா.

மறுநாள் சோதனைக் கார் பூப்போலத் திரும்பியது. நான் இழுத்த இழுப்பில் சாக்கடை ஓரம்வரை போய்விட்டேன். அதிகாரி சிரித்து, "லாரியில் பழகினாயா? இன்னொரு சுற்று போ," என்றார் மலாயில். இந்த முறை பிடியைத் தளர்த்தினேன். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேரே வந்தது, டியூப் இழுத்த மாதிரியே. பயம் போயிற்று. தேறிவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் மூவருக்கும் கடன் சொல்லி ரொட்டியும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தேன். கோப்பிக் கடைக்கு ஒரு வெள்ளி இருபது காசு இன்றுவரை பாக்கி.