இருபது கரிப்படங்கள்

என் மகள் வயிற்றுப் பேத்தி சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். வருடம் முழுக்கக் கரியால் வரைந்த இருபது படங்களைக் கோப்பாக்கி ஓவிய ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான். விடுமுறைக்கு வந்தவள் கோப்பை வீட்டிலேயே மறந்துவிட்டாள்.

நான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலைப்பாதை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் ஒரு தாள் நழுவியிருக்குமோ என்று பயம். கட்டைவிரலை நாக்கில் தொட்டு எண்ணினேன். இருபது. மறுபடியும் பயம், மறுபடியும் எண்ணினேன். அடிவாரத்தில் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

பள்ளி வாசலில் அவள் தாள்களைப் புரட்டினாள். முகம் வெளிறியது.

"அப்புச்சி, எத்தன தடவ எண்ணுனீங்க?"

"ஏழு தடவ, கண்ணு. மார்க்கு போயிருமா?"

"டீச்சர்கிட்ட குடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்க. மூலைய மட்டும் அழிங்க. படத்துல கை பட்டா அவ்வளவுதான். எண்ணாதீங்க!"

ரப்பரை என் கையில் திணித்தாள். முதல் மூலை வெளுத்தது. படத்தில் ரப்பர் படவில்லை. இன்னும் பத்தொன்பது.