நைனாவின் இடது கை

என் நைனா கண்ணையாவுக்கு அறுபத்து மூன்று வயது. சிங்காநல்லூரில் முப்பது வருடம் மோட்டார் பம்புப் பட்டறை நடத்திவிட்டு, போன வருடம்தான் அதை இன்னொருவர் கையில் கொடுத்தார். கூடப் படித்த மில்காரர்கள் இருவர் கோல்ஃப் ஆடுகிறார்களாம், தானும் ஆடியாக வேண்டும். ஒன்றை நினைத்துவிட்டால் விட மாட்டார். மட்டை வாங்கத் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் பஷீர் பொறுமைசாலி. "முழு செட்டு பதினாலு மட்டையும் வேண்டாமுங்க. புதுசா ஆடறவங்களுக்கு ஏழு போதும், கனம் கம்மியா எடுத்துக்கலாம்" என்றார். பிறகு ஒரு வெறுங்கம்பை நீட்டி, "யோசிக்காம ஒருக்கா வீசுங்க" என்றார்.

நைனா வீசினார்.

"ஏனுங்க, நீங்க இடது கைங்களா? அதுக்கு மட்டையே வேறீங்க."

"பொறந்ததுல இருந்து அப்படித்தானுங்க. எங்கம்மா சூடு வெச்சு மாத்திப்போட்டா" என்று நைனா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்து வயதில் இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். நானும் இடது கைக்காரிதான். ஒன்றாம் வகுப்பில் ஒரு வருடம், எழுதும்போதும் சாப்பிடும்போதும் என் இடது கையை நாற்காலியோடு துண்டால் கட்டியவர் இந்த மனிதர். அவிழ்த்தால் பட்டறை ஸ்கேலால் விரல் முட்டியில் அடி. அதுவரை சுவரெல்லாம் படம் வரைவேன், அதோடு நின்றுபோனது. இன்றைக்கும் என் எழுத்து கோழிக் கிறுக்கல்தான்.

"தெரிஞ்சுமா நைனா என்னையக் கட்டிப்போட்டீங்க?"

"பொட்டப்புள்ள, நாளைக்குப் பந்தியில பரிமாறோணுமல்ல கண்ணு. எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான்." கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.

பஷீர் சங்கடத்தோடு இடையில் புகுந்தார். "இடது கை செட்டு வர இருவது நாளாகுமுங்க. வலது கைன்னா இப்பவே இருக்குது, பழகிக்கலாம்."

"இருவது நாளானா ஆகட்டுமுங்க. இந்த வயசுல எதுக்கு உடம்ப வருத்தோணும்? வர்ற கையில ஆடுனாத்தான ஆட்டம்."

அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடி எடுத்து வரவில்லை என்று நைனா ஆர்டர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். பெயர், உயரம் எல்லாம் எழுதினேன். எந்தக் கை என்று கேட்டிருந்த இடத்தில் 'இடது' என்று எழுதினேன், என் வலது கையால். பஷீர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னன்னு எழுதியிருக்கீங்க அம்மணி?" என்று கேட்டார்.