தமுக்குச் சத்தத்தில் விட்ட வீடு

திருச்செங்கோட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை, அதன் சொந்தக்காரர் அடமானம் வைத்திருந்தார். அது கோர்ட்டில் ஏலம் போன விஷயம், கோர்ட்டுச் சேவகரான அமீனா தமுக்கோடு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் பச்சைக்குழந்தையுடன் படுத்திருந்தாள்.

ஏலத்தில் எடுத்த நூல் வியாபாரிக்கு வீடு சுவாதீனமாகிவிட்டது என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். தெரு கூடிவிட்டது.

"வாத்தியாரு ஊட்டுக்கே தமுக்கா? எத்தனை கடனுங்க சாமி?" என்றார் எதிர்வீட்டு எண்ணெய்க்காரர். யாரோ சிரித்தார்கள்.

கடன் என்னுடையதல்ல என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் வெளியேற வேண்டுமா என்று அமீனாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குத் தெருவில் அவரோடு நிற்க வேண்டுமே! கதவைச் சாத்திக்கொண்டேன்.

"கைப்பிள்ளைய வெச்சுக்கிட்டு எங்கீங்க போறது? தவணை கேளுங்க" என்றாள் மனைவி.

"மானம் போச்சு, கிளம்பு" என்றேன்.

சாயங்காலத்துக்குள் சக ஆசிரியர் ஒருவர் வீட்டு விறகறைக்கு மாறிவிட்டோம். சாவியை வியாபாரிக்குக் கொடுத்தனுப்பினேன்.

சில நாள் கழித்து அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்.

"ஏனுங்க, உங்களை ஆரு போகச் சொன்னது? ஊடு கைமாறிப்போச்சுன்னு ஊருக்குச் சொல்லத்தான் தமுக்கு. வாடகையை எங்கிட்டக் குடுத்துட்டு நீங்கபாட்டுக்கு இருந்திருக்கலாம். உங்கள ஊட்ட உட்டு எழுப்போணும்னா நானு நோட்டீசு குடுத்துக் காத்திருக்கோணும்னு வக்கீலு சொன்னாருங்க."

"அப்படியானால் திரும்பி வந்துவிடட்டுமா?"

"சாவிய நீங்களே அனுப்பிப்போட்டீங்க. நானும் நூல் மூட்டைய எறக்கிட்டேனுங்க." அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வாரமே மருமகனின் தாயார் எருமப்பட்டியிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தார். விறகுக் கட்டுகளுக்கு நடுவே மகள் படுத்திருப்பதைக் கண்டார்.

"மூணு மாசம் பொறந்த ஊட்டுல இருக்கட்டும்னு உட்டோம். அதுக்கு ஊடு வேணுமில்லீங்க சம்பந்தி?"

கடனுக்காக எங்களைத் துரத்திவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் வெளியே வந்தேன் என்பதை அவரிடம் மறைத்துவிட்டேன்.

"வாரேனுங்கப்பா" என்று மகள் அவரோடு வண்டியேறினாள்.

இப்போது அவள் மறுபடி மாசமாக இருக்கிறாள். ஒழுங்கான வீடு ஒன்றில்தான் குடியிருக்கிறோம். பிரசவத்துக்கு அழைத்துவர எருமப்பட்டிக்குப் போகச் சொல்கிறாள் மனைவி. இன்னும் போகவில்லை.