ஆற்றைக் கடக்கும் ஜீப்

பழைய ஜீப் விற்பனைக்கு என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சிங்காநல்லூர் போனேன். உரிமையாளர் வெள்ளை வேட்டி கட்டி, தோளில் மஞ்சள் துணி போட்டிருந்தார். வண்டியில் நான் தொட்ட இடத்தையெல்லாம் அந்தத் துணியால் உடனுக்குடன் துடைத்தார். ஒருமுறை என் கையையும் துடைத்தார்.

சேற்றுக்கென்று பெரிய டயர்கள். ஆற்றில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட உயரமான குழாய். எல்லாம் அவரே பார்த்துப் பார்த்து மாட்டியவை. எதிலும் ஒரு பொட்டு மண் இல்லை.

"எதுக்குங்க வாங்கறீங்க?" என்றார்.

"காட்டுப் பாதையில ஓட்டத்தாங்க."

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை குடிப்பேன் என்று சொன்னதுபோல அவர் முகம் மாறியது.

"ஏனுங்க, காட்டுக்குள்ள போனா கீறல் உழுந்துருமுங்களே! நல்லா வெச்சுக்கறவங்களுக்குத்தானுங்க குடுப்பேன்."

அதற்குள் மழை கொட்டித் தீர்த்து, தெருவெல்லாம் தண்ணீர். "பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வாரேனுங்க" என்றார். ஜீப்பில்தான் போகப்போகிறோம் என்று ஆசையாக எழுந்தேன். அவர் ஜீப்பைத் தார்ப்பாயால் இழுத்து மூடிவிட்டு, மொபெட்டைக் கிளப்பினார்.

தேங்கிய தண்ணீரில் மொபெட் தயங்காமல் இறங்கி ஏறியது. இவ்வளவு தைரியமான வண்டியை அவர் ஏன் விளம்பரம் செய்யவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.