நாலு பல்லும் ஒரு சத்தியக் கடதாசியும்

கண்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரை ‘முதலியார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்புக்கும் அந்தப் பட்டத்துக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. சுன்னாகத்திலிருந்து இளவயதில் வந்த ஸ்ரீஸ்கந்தராசா, ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பெயரோடுதான் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வார், சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பார். வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. தன் சிங்களம் சுத்தமான சிங்களம் என்று மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தச் சிங்களம்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது.

1998 தை மாதம், புத்தரின் பல்லை வைத்திருக்கும் கண்டித் தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்த ஞாயிற்றுக்கிழமை. மாத்தளையில் ஒரு செத்த வீட்டு அந்தியேட்டிக்குப் போனவர், செய்தி ஒன்றும் கேட்காமல் காலை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். கட்டுகஸ்தோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். தமிழரைத் தேடிப் பொல்லுத்தடிகளோடு ஏறியவர்கள், எங்கே இருக்கிறாய் என்று சிங்களத்தில் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். “கட்டுகஸ்தொட்ட இன்னே” என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். பயத்தில் இவர் வாயில் நீதிமன்றம்தான் வந்தது. “மம கட்டுகஸ்தொட்ட பதிஞ்சிவ சிட்டிமி” என்றார். ‘வசித்து வருகின்றேன்’ என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிற பாஷை. எந்தச் சிங்களவன் பஸ்ஸில் அப்படிப் பேசுவான்? முதலில் சிரித்தார்கள். பிறகு இழுத்து இறக்கினார்கள். மேல்வரிசை முன்பல் நாலும் ஒரே அடியில் போயின.

பக்கத்து சீற்றில் இருந்த இராமகிருஷ்ணனையும் இறக்கினார்கள். அவர் கட்டுகஸ்தோட்டைக் கடையொன்றில் மூட்டை தூக்குகிறவர், தேயிலைத் தோட்டத்து ஆள். வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் கிடந்தபடி ஸ்ரீஸ்கந்தராசா பார்த்தார். பொல்லு மூன்று தரம் இறங்கியது. அடித்தவனின் முகத்தையும் நன்றாகப் பார்த்தார். இராமகிருஷ்ணன் எழும்பவேயில்லை.

பொலிஸில் சார்ஜன்ட் கெட்டவன் இல்லை, சோம்பேறி. பஸ் மிதிபலகையிலிருந்து இரண்டு பேர் தவறி விழுந்ததாக எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னான். ஊர் கிடந்த கிடையில் வேறெதையும் எழுதச் சொல்ல இவருக்குத் துணிவு வரவில்லை. வாசித்து விளங்கித்தான் கையெழுத்துப் போட்டார்.

கட்டுப்பல் வைத்தார்கள். அது நாக்கோடு சேர்ந்து ஆடியது. ‘த’வும் ‘வ’வும் காற்றாகப் போயின. சுருக்கெழுத்துப் பெண் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை நிமிர்த்தி “என்ன முதலியார்?” என்றாள். ஆவணிக்குள் பேச்சுத் தெளியாவிட்டால் பிரதி எழுதும் அறைக்குப் போகவேண்டும் என்று நீதவான் மரியாதையாகவே சொன்னார். அந்த இரவு அவர் சாப்பிடவில்லை.

நிரந்தரப் பல் வைக்கலாம் என்றார் பல் வைத்தியர். தாடை எலும்பில் திருகாணி இறக்கி, அதன்மேல் பல்லைப் பொருத்துவது. சாமான் சுவீடனிலிருந்து வரவேண்டும். ஒரு பல்லுக்கு அறுபதாயிரம் ரூபாய். நாலுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், முதலியாருக்கு இரண்டரை வருடச் சம்பளம்.

“இன்சூரன்ஸ் எண்டு வருசாவருசம் கட்டினனீங்கள். அது பல்லுக்குத் தராதோ?” என்று கேட்டாள் மனைவி பத்மாதேவி.

காப்புறுதிக் கம்பனியில் இருந்த தாஸிம், அக்குறணைக்காரர், இவருக்குப் பழக்கமானவர். பத்திரத்தை இரண்டு தரம் புரட்டினார்.

“சேர், நோயில விழுந்த பல்லுக்கு ஒண்டும் இல்ல. கலவரத்தில போனாலும் ஒரு சதம் வராது, இந்தா எழுதியிருக்கு. விபத்துண்டா மட்டும் முழுச் செலவும் தருவாங்க. உங்கட பொலிஸ் என்ட்ரியில பஸ்ஸால விழுந்ததுண்டுதானே இருக்கு? நல்ல காலம் சேர். அதையே ஒரு சத்தியக் கடதாசியில எழுதித் தாங்க.”

நல்ல காலமாம்! மற்றவர்களின் பொய்ச் சத்தியத்தைக் கேட்டு முகம் சுளித்த மனிதர், கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் தன் பொய்க்குச் சத்தியம் செய்தார். சுத்தமான சிங்களத்தில் எழுதினார். கம்பனி காசு கொடுத்தது. ஆவணி பிறக்குமுன் பல் நாலும் ஏறிவிட்டன. கண்ணாடிக்கு முன்னால் நின்று ‘தவம், தவம்’ என்று சொல்லிப் பார்த்து, குழந்தையைப் போல அழுதார்.

புரட்டாதியில் இராமகிருஷ்ணனின் மரண விசாரணை வந்தது. பட்டியலில் பெயரைக் கண்டவர் பொலிஸ் அனுப்பிய சுருக்க அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார்; கூட விழுந்தவரின் பெயரைச் சார்ஜன்ட் அதில் எழுதவேயில்லை. நான் இந்த வழக்கில் நிற்க முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சத்தியக் கடதாசி வெளியே வரும், வேலை போகும், மறியற்சிறையும் கிடைக்கலாம். பேசாமல் போய் நின்றார்.

கூண்டில் ஏறியவள் இராமகிருஷ்ணனின் மனைவி இராஜேஸ்வரி. தோட்டத்து லயன் வீட்டிலிருந்து விடியவே புறப்பட்டு வந்திருந்தாள். சிங்களம் சந்தைக்குப் போதுமான அளவுதான் தெரியும், நீதிமன்றச் சிங்களம் பிடிபடாது.

“அவரு விழலைங்க. அடிச்சுத்தான் கொன்னாங்க” என்றாள். முதலியார் அதை அப்படியே சொன்னார்.

கண்டது யார் என்று நீதவான் கேட்டார்.

“பக்கத்துல ஒரு ஐயா இருந்தாராம். அவருக்கும் முன்பல்லு நாலும் போயிருச்சாம், பஸ் கண்டக்டர் சொன்னாரு. பல்லு இல்லாத அந்த ஐயாவத் தேடிக் கூப்பிடுங்க சாமி, அவரு சொல்லுவாரு.”

முதலியார் நீதவானைப் பார்த்தார். கண்டவர் யாரையும் தனக்குத் தெரியாது என்று சாட்சி சொல்வதாகச் சிங்களத்தில் சொன்னார். ஓர் எழுத்துக்கூடச் சிதறவில்லை. சுருக்கெழுத்துப் பெண் தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டாள். தவறி விழுந்ததால் ஏற்பட்ட மரணம் என்று விசாரணை முடிந்தது.

வெளி விறாந்தையில் இராஜேஸ்வரி காத்துக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் கைகூப்பினாள்.

“ஐயா, நான் சொன்னத எல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டீங்கள்ல?”

“ஓம் பிள்ளை” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “எல்லாம் சொன்னனான்.”